கைரேகையைப் பார்த்து வாய்ப்புற்று வருமா என்று சொல்ல முடியுமா?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவருடைய தம்பிக்கு 34 வயது. பத்து வருடமாகப் பாக்கும் புகையிலையும் போடுகிறார். ஊரில் நடந்த ஒரு பல் மருத்துவ முகாமில் அவருடைய பத்து விரல்களிலும் ரேகை எடுத்திருக்கிறார்கள். ரேகையைப் பார்த்த ஒருவர், "உங்களுக்குச் சுழி கம்மி, அந்த அளவுக்குப் பயமில்லை" என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அக்கா எப்போது கண்டித்தாலும் தம்பி, "என் கையிலேயே அது இல்லையாம், விடுக்கா" என்கிறார். கைரேகைக்கும் வாய்ப்புற்றுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

ஒரு தனி மனிதருக்கு "உனக்கு வரும்", "உனக்கு வராது" என்று சொல்லும் அளவுக்குத் தொடர்பு கிடையாது. அப்படிச் சொன்னது தவறு. அதிலும் "பயமில்லை" என்று சொன்னது பெரிய தவறு.

ஆனால் முகாமில் ரேகை எடுத்தவர்களை ஜோசியக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவின் பல் மருத்துவக் கல்லூரிகளில் இது பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் ஆராய்ச்சித் தலைப்பு. முதுகலை படிக்கும்போது நானும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். முதலில் மை வைத்து எடுத்தோம். நோயாளிகளின் கை கறுத்து, கழுவினாலும் போகாமல், திட்டு வாங்கினோம். அப்புறம் லிப்ஸ்டிக்குக்கு மாறினோம். விரலில் மெல்லிசாகத் தடவி, மேலே செலோடேப்பை அழுத்தி, உரித்து வெள்ளைத்தாளில் ஒட்டிவிட்டால் ஒவ்வொரு கோடும் அச்சாக வந்துவிடும். பிறகு பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து எண்ண வேண்டும். நூறு கைகள், ஆயிரம் விரல்கள். கண் வலித்ததுதான் மிச்சம் என்று சொல்லமாட்டேன். ஒரு ஆராய்ச்சி எங்கே சறுக்கும் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

சின்ன வயதில் சங்கு, சக்கரம் என்று விரலைப் பார்த்து எண்ணியிருப்பீர்கள். ஏறக்குறைய அதே பிரிவுகள்தான் அறிவியலிலும். வட்டமாகச் சுற்றி நிற்கும் சுழி நம்முடைய சக்கரம். ஒரு பக்கமாக நுழைந்து, வளைந்து, வந்த பக்கமே திரும்பிப் போகும் வளையம் சங்கு. ஒரு பக்கம் நுழைந்து, நடுவில் மேடாக எழும்பி, மறுபக்கம் இறங்கிவிட்டால் வில். பொதுவாக மனித விரல்களில் 60 முதல் 65 சதவீதம் வளையம், 30 முதல் 35 சதவீதம் சுழி, 5 சதவீதம் வாக்கில் வில் என்பார்கள். இந்த விகிதம் இனத்துக்கு இனம், ஆணுக்குப் பெண் கொஞ்சம் மாறும். ஆண்களிடம் சுழி சற்று அதிகம், பெண்களிடம் வில் சற்று அதிகம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உள்ளங்கையிலும் அளவெடுப்பார்கள். ஜோசியக்காரர் பார்க்கும் ஆயுள் ரேகை, தன ரேகை எல்லாம் தோல் மடியும் கோடுகள், அவை வேறு. இங்கே பார்ப்பது விரலில் இருப்பதைப் போன்ற நுண்வரிகளை. ஆள்காட்டி விரலுக்குக் கீழே ஒரு புள்ளி, சுண்டு விரலுக்குக் கீழே ஒரு புள்ளி, மணிக்கட்டுக்கு அருகே ஒரு புள்ளி. மூன்று இடங்களிலும் வரிகள் மூன்று திசையிலிருந்து வந்து முக்கோணமாகச் சந்திக்கும். மூன்றையும் இணைத்தால் வரும் கோணத்துக்கு ஏ.டி.டி. கோணம் என்று பெயர். சராசரியாக 45 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்.

இதையெல்லாம் ஏன் வாயோடு முடிச்சுப் போட்டார்கள்? அந்த யோசனை முட்டாள்தனமானது அல்ல. கருவில் ஆறு, ஏழு வாரங்களில் விரல் நுனியில் சின்ன மெத்தைபோல் சதை மேடு எழும். பத்தாவது, பதினோராவது வாரத்தில் அந்த மேடு அடங்கத் தொடங்கும்போது வரிகள் பதிய ஆரம்பிக்கின்றன. மேடு உயரமாக இருந்தால் சுழி, தட்டையாக இருந்தால் வில், ஒரு பக்கம் சரிந்திருந்தால் வளையம் என்று ஏறக்குறைய சொல்லலாம். ஆறு மாதக் கருவில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு சாகும் வரை அந்த அமைப்பு மாறாது. 2023-ல் எடின்பரோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், வரிக்குதிரைக்குக் கோடு விழுவதை விளக்கும் அதே வகைக் கணக்குதான் விரலிலும் நடக்கிறது என்று காட்டினார்கள். வளரச் சொல்லும் ஒரு சமிக்ஞை, நிறுத்தச் சொல்லும் ஒரு சமிக்ஞை, இரண்டும் போட்டி போடும்போது வரிகள் அலைபோல் பரவுகின்றன. நகத்தடியிலிருந்து ஓர் அலை, விரல் நடுவிலிருந்து ஒன்று, கணு மடிப்பிலிருந்து ஒன்று. அவை எங்கே மோதுகின்றன என்பதைப் பொறுத்துச் சங்கோ சக்கரமோ அமைகிறது.

உதடும் அண்ணமும் உருவாவது இதே காலத்தை ஒட்டித்தான். மேலுதடு ஏழாவது வாரவாக்கில் சேரும், அண்ணம் பன்னிரண்டாவது வாரத்துக்குள் மூடும். வாயின் முன்பகுதிச் சவ்வும் கைத்தோலும் கருவின் ஒரே வெளியடுக்கிலிருந்து வருபவை. அதனால் பிறவியிலேயே வாய்ச் சவ்வில் ஏதாவது பலவீனம் இருந்தால் அதன் அடையாளம் விரலில் விழுந்திருக்கலாம் என்று யோசித்தார்கள். முன்மாதிரியும் இருந்தது. கைவரிகளைப் படிக்கும் துறைக்கு 1926-ல் பெயர் வைத்தவர்களில் ஒருவரான ஹரால்டு கம்மின்ஸ், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் கைவரிகள் தனித்து நிற்பதை 1930களில் காட்டினார். அவர்களுக்கு அந்த ஏ.டி.டி. கோணம் மிகவும் விரிந்திருக்கும். அதற்குக் காரணம் ஒரு கூடுதல் குரோமோசோம் என்று தெரியவந்தது 1959-ல்தான். காரணம் தெரிவதற்குப் பல வருடம் முன்பே கை சொல்லிவிட்டது. ஆராய்ச்சியாளர்களுக்கு ஆசை வராமல் இருக்குமா?

ஆனால் டவுன் சிண்ட்ரோம் கருத்தரிக்கும்போதே உடம்பின் செல்களில் எல்லாம் இருப்பது. கை உருவாகும்போது அந்தக் கோளாறு அங்கேயே இருக்கிறது. நம் ஊர் வாய்ப்புற்று அப்படி வருவது இல்லை. இருபது முப்பது வருடம் ஒரே கன்னத்தில் ஒதுக்கிய பாக்கும் புகையிலையும் அந்த இடத்துச் செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்து வருவது. எந்தப் பக்கம் ஒதுக்குகிறாரோ பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் புண் வரும். இடது கன்னத்தில் வரும் நோய்க்கு விரலில் என்ன அடையாளம் இருக்கும்?

இதற்கு ஒரு நியாயமான பதில் சொல்வார்கள். "புகையிலை போடும் எல்லோருக்கும் வருவதில்லையே. நச்சை முறிக்கும் திறன் ஆளுக்கு ஆள் வேறு. அது மரபணுவில் இருக்கிறது" என்பார்கள். உண்மைதான். ஆனால் நச்சு முறிக்கும் நொதிகளின் மரபணுக்கள் விரல் மேட்டின் உயரத்தைத் தீர்மானிக்கின்றன என்று யாரும் காட்டியதில்லை. ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கே ரேகை வேறுவேறாக இருக்கிறது. பனிக்குடத்துக்குள் கை எங்கே அழுந்தியது என்பதுகூட வரிகளில் கலந்துவிடுகிறது.

சரி, காரணம் தெரியாவிட்டால் போகட்டும், கணக்காவது ஒத்துவருகிறதா? நான் சறுக்கியதும் இங்கேதான்.

இந்த ஆய்வுகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். குட்கா போட்டு நோய் வந்தவர்கள் சில பத்துப் பேர். குட்கா போட்டும் நோய் வராதவர்கள் சில பத்துப் பேர். பழக்கமே இல்லாதவர்கள் சில பத்துப் பேர். மூன்று கூட்டத்துக்கும் ரேகை எடுத்து ஒப்பிடுவது. சில ஆய்வுகளில் நோயாளிகளிடம் வில்லும் வளையமும் அதிகம், சுழி குறைவு என்று வந்தது. வேறு சிலவற்றில் சுழிதான் அதிகம் என்று வந்தது. கோணமும் அப்படியே, முன்னுக்குப் பின். உண்மையான அடையாளம் என்றால் ஊருக்கு ஊர் திசை மாறக் கூடாது. தம்பியிடம் "சுழி கம்மி, பயமில்லை" என்றவர் ஒரு வகை முடிவைப் படித்திருக்கிறார். மற்ற வகையைப் படித்தவர் அதே கையைப் பார்த்து "ஜாக்கிரதை" என்றிருப்பார்.

ஏன் மாறுகிறது? ஒன்று, விரல்களை எண்ணும் விதம். 50 நோயாளிகள் இருந்தால் 500 விரல்கள் என்று எழுதிக் கணக்குப் போடுவோம். பார்க்கப் பெரிய ஆய்வுபோல் இருக்கும். ஆனால் ஒருவருக்குக் கட்டைவிரலில் சுழி இருந்தால் மற்ற விரல்களிலும் இருக்க வாய்ப்பு அதிகம். 500 விரல் என்பது 500 சாட்சிகள் அல்ல. 50 பேர் பத்துப் பத்துத் தடவை சாட்சி சொல்வதுதான். இன்னொன்று, கேள்விகளின் எண்ணிக்கை. பத்து விரல், ஒவ்வொன்றிலும் மூன்று அமைப்பு, இரண்டு கையிலும் கோணம், வரி எண்ணிக்கை, உள்ளங்கையின் ஒவ்வொரு மேடு. சாதாரணமாக நாற்பது ஐம்பது ஒப்பீடு வந்துவிடும். வழக்கமான அளவுகோலில், தொடர்பே இல்லாவிட்டாலும் இருபதில் ஒன்று தற்செயலாக "தொடர்பு இருக்கிறது" என்று காட்டும். எனக்கும் இரண்டு வந்தன. அவற்றைத்தான் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தில் முதல் வரியில் எழுதினேன். வராத நாற்பதைப் பற்றி எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அப்புறம் ஒப்பிடும் கூட்டம். எங்கள் நோயாளிகளில் பெரும்பாலோர் ஐம்பது வயது தாண்டிய ஆண்கள். பழக்கம் இல்லாதவர்கள் வேண்டும் என்றதும் யார் கைக்குக் கிடைப்பார்கள்? கல்லூரி மாணவர்கள். பல் மருத்துவக் கல்லூரியில் முக்கால்வாசி பெண்கள். மேலே சொன்னேனே, ஆண்களுக்குச் சுழி சற்று அதிகம், பெண்களுக்கு வில் சற்று அதிகம் என்று. நோய்க்கும் ரேகைக்கும் தொடர்பு என்று நாங்கள் கண்டுபிடித்தது, ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசமாகவே இருந்திருக்கலாம்.

இந்தக் குறைகளை எல்லாம் மறந்துவிட்டு, சோதனை ஓரளவு வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எண்கள் நானே வைத்தவை, கணக்குப் புரிவதற்காக. புகையிலை போடும் 10,000 பேர். அவர்களில் 50 பேருக்குச் சில வருடங்களில் வாய்ப்புற்று வரப்போகிறது. ரேகைச் சோதனை அந்த 50-ல் 30 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. வராதவர்களில் 40 சதவீதம் பேரைத் தவறாக எச்சரிக்கிறது. ரேகையை வைத்து இதைவிட நன்றாகச் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படியானால் எச்சரிக்கப்பட்டவர்கள் 4,010 பேர், அவர்களில் உண்மையாக வருவது 30 பேருக்கு. மீதி 5,990 பேரிடம் "பயமில்லை" என்று சொல்லி அனுப்புவோம். அவர்களில் 20 பேருக்கு வரும். அந்த 20 பேரும் வீட்டுக்குப் போய் "என் கையிலேயே இல்லை" என்று சொல்லிக்கொண்டு இன்னொரு பாக்கெட்டைக் கிழிப்பார்கள்.

கையைப் பார்த்துப் புற்றுநோயைச் சந்தேகிக்கும் உண்மையான சந்தர்ப்பங்களும் மருத்துவத்தில் உண்டு. 1958-ல் லிவர்பூலில் இரண்டு குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். பரம்பரையாக உள்ளங்கையும் பாதமும் தடித்துப்போகும் குடும்பங்கள். அப்படித் தடித்தவர்களில் பலருக்கு உணவுக்குழாயில் புற்று வந்தது. அதற்கான மரபணு 2012-ல் கிடைத்தது. இன்னொன்று, நுரையீரலிலோ இரைப்பையிலோ புற்று வளரும்போது சிலருக்கு உள்ளங்கைத் தோல் தடித்து, வரிகள் மேடுமேடாக எழும்பும். சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துக் கழுவிய ஆட்டு வயிற்றின் உள்பக்கம் எப்படி இருக்கும், அதுபோல. ஆங்கில மருத்துவர்களும் கறிக்கடையை நினைத்துத்தான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இவை அபூர்வம். இவற்றில் பார்ப்பது தோல் மாறியிருக்கிறதா என்பதை. சங்கா சக்கரமா என்பதை அல்ல.

ரேகையும் புற்றும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் திசையில் அல்ல. கேப்சிடபின் என்ற புற்றுநோய் மாத்திரையை நாள்பட எடுத்தால் சிலருக்கு உள்ளங்கை சிவந்து, தோல் உரிந்து, விரல்ரேகையே மழுங்கிவிடும். மூக்குத்தொண்டைப் புற்றுக்கு இந்த மாத்திரையை எடுத்த சிங்கப்பூர்க்காரர் ஒருவர் 2008-ல் அமெரிக்க விமான நிலையத்தில் ரேகை பதியாமல் நான்கு மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டார். அவருடைய மருத்துவர்கள் அதை 2009-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். ரேஷன் கடை மெஷினில் ரேகை விழாமல் தவிக்கும் நோயாளிகளுக்கு நாங்கள் சிகிச்சைச் சீட்டோடு ஒரு கடிதமும் எழுதிக் கொடுப்பதுண்டு.

ஆக, தம்பிக்கு எதைப் பார்க்க வேண்டும்? வாயை.

2022-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் உதடு, வாய்ப் புற்று புதிதாக வந்தவர்கள் சுமார் 3.9 லட்சம் பேர். அவர்களில் சுமார் 1.44 லட்சம் பேர் இந்தியர்கள். ரேகையில் நாம் தனிப்பிறவிகள் அல்ல. மெல்லும் பழக்கத்தில்தான் தனித்து நிற்கிறோம். "நான் வெறும் பாக்குதான் போடுறேன், புகையிலை இல்லை" என்று தம்பி சமாளித்தால், பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்திவிட்டது என்று சொல்லுங்கள்.

பாக்கு முதலில் செய்யும் வேலை, கன்னத்தின் உள்சவ்வை நாராக இறுக்குவது. சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்போம். முதலில் காரம் பட்டால் எரியும். ரசம் சாதம்கூட எரிகிறது என்று சாப்பாட்டைத் தள்ளிவைப்பார்கள். வீட்டில் அதை அல்சர் என்று நினைத்து மோர் கொடுப்பார்கள். பிறகு கன்னம் உள்ளே வெளுத்து, விரலால் தடவினால் கயிறு கயிறாகத் தட்டுப்படும். விசில் அடிக்க முடியாது, பலூன் ஊத முடியாது. கடைசியில் வாய் திறக்காது. எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோய் உள்ள 66 பேரை 17 வருடம் பின்தொடர்ந்தார்கள். 5 பேருக்குப் புற்றாக மாறியது.

இதற்கு விரல் உதவும். தம்பியை வாயை முழுசாகத் திறக்கச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி கையைத் திருப்பி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நுழைக்கச் சொல்லுங்கள். அவருடைய விரல்கள்தான், உங்களுடையவை அல்ல. மூன்றும் நுழைந்தால் வாய் திறப்பு சரியாக இருக்கிறது. இரண்டுதான் நுழைகிறது என்றால் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூன்று நுழைந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, பட்டுப்போல் மின்னும் சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் வலியில்லாத கட்டி, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. சிவப்புத் திட்டு பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் அதைப் பார்த்தால் எனக்குப் பயம்.

இப்படி வாயைப் பார்ப்பதால் உயிர் பிழைக்கும் என்பதற்குச் சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1996-ல் தொடங்கி 13 பஞ்சாயத்துகளில் 35 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 1.9 லட்சம் பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தியது. அவற்றில் ஏழு பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மெஷின் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. 2005-ல் முடிவு வந்தபோது, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. இந்திய அரசின் திட்டத்தில் 30 வயது ஆனவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை செய்யச் சொல்லியிருப்பதற்கு இந்த ஆய்வும் ஒரு பலம். தம்பிக்கு 34, அவர் அந்த வயதைத் தாண்டிவிட்டார். அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலேயே பார்ப்பார்கள். விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

ஒன்று செய்யுங்கள். அந்த முகாமில் கொடுத்த சீட்டு வீட்டில் எங்காவது கிடக்கும், தேடிப் பாருங்கள். அதில் வாய் திறப்பு இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அளந்து ஒப்பிட அந்த எண் வேண்டும். ரேகை மட்டும்தான் எழுதியிருக்கிறது என்றால், தம்பியின் வாயை இன்னும் யாரும் பார்க்கவில்லை.